பதினேழாவது குழியில் ஒரு நட்டு

இதுவரை பிறந்த மெக்கானிக்குகள், இனிமேல் பிறக்கப்போகிற மெக்கானிக்குகள், ராக்கெட்டுக்கு ஸ்குரூ முடுக்குகிறவர்கள் எல்லாரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறு தட்டில் பெரியம்மாவின் இடதுகைச் சுண்டுவிரலை மட்டும் வைத்தால், சுண்டுவிரல் இருக்கிற தட்டுதான் தரையில் இடிக்கும். இடித்த வேகத்தில் பள்ளம் விழும். விரலில் கொஞ்சம் கிரீஸ் கறையும் இருந்துவிட்டால் பள்ளத்தில் தண்ணீரே வந்துவிடும், ஊர்க்காரர்கள் மோட்டார் போட்டுக்கொள்ளலாம்.

நிஜத்தில் பெரியம்மா மெக்கானிக்கே கிடையாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருபத்தாறு வருஷமாக "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது பெருமூச்சு விடுவதானால்கூட அவளிடம் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கும். வேலை முடிந்து வந்ததும் வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, பெரியப்பாவின் பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் புகுந்துவிடுவாள். அங்கே இருப்பவள் ராட்சசி.

ராட்சசி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட், துணிக்கூரை, பச்சை நிறம், பெரியம்மாவைவிட நாலு வயது மூத்தவள். மூக்கு அநியாய நீளம். உட்கார்ந்தால் நம் இடுப்பு ரோட்டில் உரசுகிற மாதிரி இருக்கும். பதினோரு வருஷம் முன்னால் ஒரு கோழிப்பண்ணை மூலையில், டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில், பெரியம்மா அதைப் பார்த்தாள். பார்த்த அன்றே வாங்கிவிட்டாள். பெரியப்பா வந்து எட்டிப் பார்த்து, "இது காரா, கூடா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றாராம். பண்ணைக்காரர் மனசு உறுத்தி, பத்து முட்டை அட்டைகளைச் சும்மா கொடுத்து அனுப்பினார். காருக்கு வந்த சீதனம் அவ்வளவுதான்.

அந்த அட்டைகளில்தான் பெரியம்மாவின் வித்தை முழுவதும் இருந்தது. ஒரு அட்டைக்கு முப்பது குழி. ஒவ்வொரு குழியிலும் பேனாவால் எண் போட்டிருப்பாள். காரில் எதைக் கழற்றினாலும், கழற்றிய வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று குழியில் வைப்பாள். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வருவாள். ஒன்றாம் குழி காலியானால் வேலை முடிந்தது. வீட்டில் காரைப் பிரித்துக் கோக்கிறவர்கள் எல்லாருக்கும் கடைசியில் ஒரு வாஷரோ நட்டோ கையில் மிஞ்சும். "எக்ஸ்ட்ரா போட்டிருப்பான்" என்று சொல்லி டப்பாவில் போட்டுவிடுவார்கள். பெரியம்மாவுக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு ஊசிமுனை மிஞ்சியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்பட்டதும் இல்லை. பால் கொண்டுவருகிற ஆளுக்குக்கூடத் தெரியும்.

பெரியப்பா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். மதியம் திரும்பிவிடுவார். ராட்சசி விஷயத்தில் அவருக்கு இரண்டு வேலை: விளக்குப் பிடிப்பது, திட்டு வாங்குவது. "ஏங்க, வெளிச்சத்த என் மூஞ்சில அடிக்கிறீங்களே, மூஞ்சியிலயா போல்ட் இருக்கு?" "உன் மூஞ்சியத்தான் பார்க்க முடியுது, அந்தப் போல்ட்ட யாரு பார்த்தா?" இப்படிப் போகும். அதோடு, ராட்சசி இஞ்ச் கணக்கில் பிறந்தவள். வீட்டில் இருக்கிற மற்ற மேஜை, கட்டில், சைக்கிள் எல்லாம் மில்லிமீட்டர் ஜாதி. அதனால் காருக்கென்று தனி ஸ்பேனர் பெட்டி. பெரியப்பா தப்பான பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு மௌனத்தில்தான்.

இந்த வீட்டுக்குப் போன வருஷம் கொசு வந்து சேர்ந்தாள். பெரியம்மாவின் தங்கை மகள், பதினாறு வயது. நல்ல பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக் கடிகாரத்தை முக்கால் மணி முன்னால் தள்ளிவைத்து, தலைமையாசிரியர் உட்பட எழுநூறு பேரை வீட்டுக்கு அனுப்பியவள் அவள். எழுநூறு பேரும் சந்தோஷமாகத்தான் போனார்கள். ஆனாலும் அவளை மட்டும் திரும்பி வர வேண்டாம் என்றார்கள். அவள் அம்மா, "அக்கா, என்னால முடியல, கொஞ்ச நாள் நீ வெச்சுக்கோ" என்று கொண்டுவந்து விட்டுப் போனாள். வந்த மாதமே கொசு, பெரியப்பாவின் செருப்பை எடுத்துவிட்டு அதே மாதிரியில் ஒரு சைஸ் சின்னதை வைத்தாள். அவர் கால் வீங்கிவிட்டதென்று நம்பி, ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டார். உண்மை தெரிந்ததும் பெரியம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொசுவுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாம் அதனால் வந்த வினை.

ராட்சசி வெள்ளைப் புகை விட ஆரம்பித்தாள். எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறது, மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் கசிவை அடைக்கிற கேஸ்கெட் தகட்டை மாற்ற வேண்டும் என்றாள் பெரியம்மா. பெரிய வேலை. ஒரு சனி, ஞாயிறு முழுக்கக் கழற்றியதில் இரண்டு முட்டை அட்டை ஏறக்குறைய நிரம்பி, ஐம்பத்தெட்டாவது குழி வரை போனது. அட்டைகளை ஷெட்டு அலமாரியில் வைத்து, மேலே பழைய போர்வையைப் போர்த்திவிட்டாள். "குழந்தை தூங்குது, யாரும் தொடக்கூடாது" என்று உத்தரவு.

புதன்கிழமை பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கொசு தன் இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் காலிலிருந்து ஒரு நட்டைக் கழற்றினாள். போர்வையைத் தூக்கினாள். பதினேழாவது குழியில் ஏற்கெனவே ஒரு நட்டு இருந்தது, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. தன்னுடையதை அதன் பக்கத்தில் படுக்க வைத்துப் போர்வையை மூடினாள். திட்டம் சுலபமானது. பெரியம்மா பத்து நிமிஷம் தேடட்டும். பிறகு கைதட்டிச் சிரித்து, கட்டிலை ஆட்டிக் காட்டிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹெட்டு ஏறியது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று முள் காட்டும் நீளமான ஸ்பேனரால், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு நட்டாகப் பெரியம்மா இறுக்கினாள். பெரியப்பா டீ வாங்கப் போயிருந்தார். அட்டையின் குழிகள் தெரியாத வாசற்படியில் உட்கார்ந்து, கொசு நகம் கடித்தபடி பெரியம்மாவின் கை அட்டைக்குப் போய் வருவதை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது. பத்தொன்பது. பதினெட்டு.

பதினேழில் பெரியம்மா நட்டை எடுத்து மாட்டினாள். அட்டைக்குத் திரும்பினாள். கை பதினாறுக்குப் போகவில்லை. அப்படியே நின்றது.

கைதட்ட வேண்டிய நேரம் அதுதான். கொசு இரண்டு கையையும் தூக்கியும்விட்டாள். பெரியம்மா திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. எக்ஸ்ரே ரூமில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நோயாளியிடம் சொல்ல வேண்டாம், டாக்டர் சொல்லட்டும் என்று முகத்தை மூடிக்கொள்வாளே, அந்த முகம்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சுது" என்றாள்.

கொசுவின் கை இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின.

"டிக்கெட் பரிசோதகர் அவர். ஆயிரம் பேர் நடுவுல டிக்கெட் எடுக்காதவன வாசனை பிடிப்பாரு. ஒருநாள் சட்டை மேல சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து சொன்னாரு. நானும் சிரிச்சேன். உன் வயசுதான் எனக்கு, விழுந்து விழுந்து சிரிச்சேன். அடுத்த வருஷம் என் பேர் அவருக்குத் தெரியல." நட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு."

அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பது? 'பெரியம்மா, அது என் கட்டிலோடது' என்ற நாலு சொல் கொசுவின் வாய்க்குள்ளேயே நாலு செங்கல்லாக நின்றது. கடைசியில் வெளியே வந்தது வேறு: "முட்டை அட்டைதானே, குஞ்சு பொரிச்சிருக்கும்." பெரியம்மா சிரிக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் இந்த மாதிரிப் பேசுகிற வாயை என்ன செய்வதென்று கொசுவுக்கும் தெரியவில்லை.

டீயோடு வந்த பெரியப்பாவிடம், "கீழே ஒரு நட்டு கிடந்துச்சுங்க, எங்க விட்டேன்னு தெரியல" என்று பெரியம்மா சொன்னாள். கொசுவுக்குக் காது சுட்டது. பெரியம்மா பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. தன் குழியிலேயே, தன் கணக்கிலேயே தப்பு வந்ததென்று புருஷனிடம்கூடச் சொல்ல அவளுக்குக் கூச்சம். பதினேழைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

மீதிக் குழிகளையும் காலி செய்து முடித்தாள், ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. எங்கோ ஒரு நட்டு இல்லாமல் ஓட்டினால் உள்ளே எல்லாம் போய்விடும் என்றாள். அடுத்த சனிக்கிழமை, ஹெட்டை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். எல்லா இடத்திலும் நட்டு இருந்தது. மிஞ்சியதை ஒவ்வொரு போல்ட்டிலும் போட்டுப் பார்த்தாள். எதிலும் ஒழுங்காக ஏறவில்லை. இரண்டு சுற்று சுற்றி இறுகிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால், வேறு ஆள் நட்டாக இருந்தால், 'இது இஞ்ச் இல்லை, மில்லிமீட்டர்' என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பாள். இப்போது அவள் சந்தேகம் நட்டின் மேல் இல்லை. "பாருங்க, நான்தான் கோணலா ஏத்தி மரையக் கெடுத்திருக்கேன். எப்ப செஞ்சேன்னே ஞாபகம் இல்ல" என்றாள்.

"ஒரு நட்டுதானேம்மா" என்றார் பெரியப்பா. "நான் தினம் நாலு ரொட்டி கருக்குறேன். வேலைய விட்டுட்டேனா?"

"ரொட்டி கருகினா நாய்க்குப் போடலாம். நான் இடது காலுக்கு வலதுன்னு எழுதி அனுப்பினா?"

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் கேட்டு, மெஷின் அறையிலிருந்து வரவேற்பு மேஜைக்கு மாற்றிக்கொண்டாள். சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. காரணம் கேட்டதற்கு முதுகுவலி என்றாளாம். வெள்ளைக் கோட்டு போட வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

கொசு தூங்கும் கட்டில் ஒவ்வொரு புரளலுக்கும் 'கீக், கீக்' என்றது. காட்டிக்கொடுக்கிற கட்டில். அவள் புரளாமல் மரக்கட்டை மாதிரி படுக்கப் பழகினாள்.

சொல்லிவிடலாம் என்று எழுந்த நாட்கள் உண்டு. பல் தேய்க்கும்போது தைரியமாக இருக்கும், வாய் கொப்பளிக்கிறபோது அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு ஒரு யோசனை வந்தது. அந்த நட்டு இருப்பதால்தானே பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? இல்லாமல் போய்விட்டால் மறந்துவிடுவாள் அல்லவா? பெரியம்மா அதைச் சமையலறை ஜன்னலில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். கொசு எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீடு தலைகீழானது. "ஜன்னல்லதான வெச்சேன்? இங்கதான வெச்சேன்?" பெரியம்மா அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினாள். சோபாவைத் திருப்பினாள். கடைசியில் தரையில் உட்கார்ந்து, "வெச்ச இடமும் மறந்துபோச்சுங்க" என்று பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா விளக்குப் பிடிக்கிற மாதிரியே கையைத் தூக்கியபடி நின்றார்.

கொசு ஒளித்து வைத்த நட்டை மறுபடி வெளியே எடுத்தாள். திருப்பி வைக்க வேண்டும், ஆனால் கிண்ணத்தில் வைத்தால் தெரிந்துவிடும். மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுவிட்டாள். ஊரில் இருக்கிற புத்திசாலிகளில் அவள்தான் முதல் இடம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. மறுநாள் காலை பெரியம்மா பைக்குள் கைவிட்டாள். நட்டை எடுத்தாள். நீளமாகப் பார்த்தாள். "நானே கோட்டுல போட்டுட்டு வீடெல்லாம் தேடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். போகிற வழியில் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்து, காரை விற்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டும் போனாள். அவர் ஆறு வருஷமாக ராட்சசியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

சனிக்கிழமை பகலில் பெரியம்மா ஒரு கோடுபோட்ட நோட்டைக் கொண்டுவந்து கொசுவின் முன் வைத்தாள்.

"கொசு, எனக்கு ஒண்ணு எழுதித் தருவியா?"

"நானா? என் எழுத்தப் பார்த்து வாத்தியாரே கண்ணு டாக்டர்கிட்ட போனாரு."

"பரவால்லடி. ராட்சசி பத்தி எழுது. எப்ப வாங்கினோம், என்னென்ன மாத்தினோம், எல்லாம். வாங்கறவருக்கு வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னைப் பத்தியும் எழுது. நான் எப்படி இருந்தேன்னு. பின்னாடி நான் யாருன்னு எனக்கே தெரியாமப் போனா, யாராவது படிச்சுக் காட்டட்டும்."

கொசு "ம்" என்றாள். ஏதாவது கிண்டல் செய்வாள் என்று பெரியம்மா கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று பகல் முழுக்கக் கொசு எழுதினாள். பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷத்தில் எழுதியதைவிட அது அதிகம். முதல் வரியிலேயே தராசு வந்தது, சுண்டுவிரல் வந்தது. கோழி வந்தது, இஞ்ச் ஸ்பேனர் வந்தது, செருப்புச் சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எழுதினாள். ஜலதோஷம் என்று பெரியப்பாவிடம் சொன்னாள். நட்டு மிஞ்சிய இடம் வந்தபோது, அதில் பெரியம்மாவுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று ரொம்பக் கவனமாக எழுதினாள். கவனம் எல்லாம் அதில்தான் இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வந்துவிட்டார். சலவைச் சட்டை, புது பெல்ட். காரை இழுத்துப்போக ஒரு வண்டி தெருவில் நின்றது. பெரியம்மா சாவியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாதகம் மாதிரி எல்லாம் எழுதி வெச்சிருக்கு. எங்க தங்கச்சி பொண்ணு எழுதினது. படிடி, அவரும் கேட்கட்டும்."

"அவரே வீட்டுல போய்ப் படிச்சுக்கட்டும் பெரியம்மா."

"உன் எழுத்த அவர் படிக்கவா? படி."

கொசு ஷெட்டு வாசலில் நின்று படித்தாள். தராசுக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கோழிக்குப் பெரியப்பா சிரித்தார். பெரியம்மாகூட, சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் உதடு அப்படி வளைந்ததே இல்லை. கொசுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குரலை ஏற்றி, இறக்கி, கையை ஆட்டிப் படித்தாள்.

"'அன்றைக்கு ஹெட்டை மாட்டியது யார் என்று நினைத்தீர்கள்? ஐம்பத்தெட்டுக் குழியில் ஐம்பத்தேழு சரியாக இருந்தது. பதினேழாவது குழியில் மட்டும் ஒரு நட்டு மிஞ்சியது. அதற்காக ஒரு மனுஷி தன்னையே சந்தேகப்படலாமா? இது எந்த ஊர் நியாயம்...'"

"நிறுத்து" என்றாள் பெரியம்மா.

கொசு நிறுத்தினாள்.

"அந்த வரிய மறுபடி படி."

"எது, நியாயமா?"

"அதுக்கு முன்னாடி."

கொசு நோட்டைப் பார்த்தாள். எழுத்து எல்லாம் அப்படியே இருந்தது. அவள் கையாலேயே எழுதியது, அழிக்க முடியாத நீல மையில். "பதினேழாவது... குழியில்..."

பெரியப்பா குழப்பமாக, "கீழேதான கிடந்துச்சுன்னு சொன்ன?" என்றார்.

"ஆமா. உங்ககிட்ட அப்படித்தான் சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்." பெரியம்மா கொசுவின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் பேன்ட் பைக்குள் போய் அந்த நட்டை எடுத்தது. வெளிச்சத்தில் பிடித்தாள், படத்தைப் பிடிக்கிற மாதிரி. கட்டைவிரல் நகத்தால் மரையைத் தடவினாள். ஒரு முறை. இரண்டு முறை. கன்னத்துக்கு நிறம் வந்தது, பிறகு கழுத்துக்கு. கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாத நிறம். "மில்லிமீட்டர்" என்றாள், தனக்குத்தானே. "எந்த மடச்சியும் தொட்டாலே சொல்லிருப்பா."

கொசு செருப்பில்லாத தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்துதான் இருந்தது, கூடவோ குறையவோ இல்லை. காது, கன்னம், உச்சந்தலை எல்லாம் எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே குதித்து, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டிருப்பாள்.

பெரியம்மா கண்ணாடிக் கடைக்காரரிடம் கையை நீட்டி, "சாவியக் குடுங்க" என்றாள். அவர் சலவைச் சட்டையோடு விழித்தபடி கொடுத்தார்.

பிறகு நட்டைக் கொசுவின் நோட்டின் மேல், அந்த வரியின் மேலேயே வைத்தாள்.

"ஏண்டி கொசு, ஒரு மாசமா உன் கட்டில் ஏன் கீச்சு கீச்சுனு கத்துது?"